மூங்கிலை விற்கும் உரிமை

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் கோண்டுப் பழங்குடியினர் வாழும் மேந்தா லேகா என்னும் சிற்றூர், 2006 வன உரிமைச் சட்டத்தின்கீழ், ஏறத்தாழ 1,800 ஹெக்டேர் அரசு வனத்தின் மீதான சமூக உரிமையை, அதாவது ஊரார் கூட்டாக அந்த வனத்தையும் அதன் மூங்கில் போன்ற விளைபொருள்களையும் பயன்படுத்தும் உரிமையை, 2009இல் பெற்றது. ஆயினும், மூங்கிலை வெளியூருக்குக் கொண்டுசெல்வதற்கான அனுமதிச் சீட்டை வழங்கும் அதிகாரம் வனத்துறையிடமே இருந்ததால், வெட்டும் உரிமை கிடைத்தும் விற்க வழியில்லாமல் இருந்தது. 2011 ஏப்ரலில்தான், அப்போதைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் முன்னிலையில், அந்தச் சீட்டுப் புத்தகம் கிராம சபையின் கைக்கு வந்தது. என்னைப் பொறுத்தவரை, உரிமைப் பத்திரத்தைக் காட்டிலும் இதுவே பெரிய வெற்றி. அதன்பின் கிராம சபையே விலை பேசி விற்றதால், வெட்டுக்கூலியோடு விற்பனை வருவாயும் ஊருக்கே சேர்ந்தது. அந்தப் பணத்தை எப்படிச் செலவிடுவது என்பது உட்பட எதையும், பெரும்பான்மை வாக்கால் அன்றி, அனைவரும் ஒப்பும்வரை பேசியே அவ்வூரார் முடிவு செய்கிறார்கள்.