பதினோராம் ஃபாரம்

ஜூன் 3
ஐயா எழுதிய நாவலின் பதினோராம் ஃபாரம் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள்) மெய்ப்புப் பார்க்க வந்துவிட்டது. 168ஆம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை.

ஜூன் 4
வரி இதுதான்: அப்பா நான் வரமாட்டேன் என்று சொன்னார்.

வரமாட்டேன் என்றது யார்? தான் வரப்போவதில்லை என்று அப்பா சொல்லியிருக்கலாம். கதை சொல்லும் மகன் வரமாட்டான் என்று அப்பாவே மற்றவர்களிடம் முடிவாகச் சொல்லியிருக்கலாம். அறையில் மாமாவும் இருக்கிறார். கட்டிலில் கிடக்கும் தாத்தாவை அவர் அப்பா என்றுதான் கூப்பிடுவார். அப்படியென்றால் இது விளி, சொன்னவர் மாமா. மூன்றுக்கும் இலக்கணம் இடம் கொடுக்கிறது. அடுத்த நூறு பக்கத்துப் பகைக்கும் வேர் இந்த வரி.

"என்று" வந்ததுமே பேச்சு முடிந்தது என்று தமிழில் தெரிந்துவிடுகிறது. எங்கே தொடங்கியது என்று காட்டத்தான் ஒன்றும் இல்லை. மேற்கோள்குறி நமக்கு வேண்டியிருப்பது அந்தத் தொடக்கத்துக்காக. வெறும் காற்புள்ளி போதாது. அப்பாவுக்குப் பின்னால் அதைப் போட்டால் விளி என்றும் படிக்கலாம், எழுவாய்க்குப் பின் ஒரு சின்ன நிறுத்தம் என்றும் படிக்கலாம்.

ஐயாவிடம் கேட்டால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும்.

ஜூன் 5
அவர் மகள் போனை எடுக்கவில்லை.

ஜூன் 6
எடுத்தாள். "இன்னும் ஐசியுவிலதான் இருக்கார் அக்கா. பேச விடமாட்டேங்கிறாங்க." புத்தகத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

ஜூன் 7
எனக்கு முன்னால் யாரோ இந்தப் பிரதியில் கைவைத்திருக்கிறார்கள். "எழுந்து, முகம் கழுவி, சட்டையை மாட்டிக்கொண்டு, வெளியே வந்து, நின்றான்." கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். ஐயா இதில் ஒரு காற்புள்ளிகூட வைக்கவில்லை. எழுந்து, கழுவி, வந்து எல்லாமே வினையெச்சம். முடிவதற்கு ஒரு வினைமுற்றைத் தேடிக்கொண்டேதான் போகும். வாசகரும் கூடவே போவார். நடுவில் தடுத்து நிறுத்த நாம் யார்? அதிலும் "நின்றான்" என்பதற்கு முன்னால் வைத்த காற்புள்ளியைப் பார்த்தால் கோபமாக வருகிறது. அத்தனையையும் எடுத்தேன்.

காற்புள்ளியே கூடாது என்று சொல்ல வரவில்லை. "நேற்று வந்த மருமகனின் நண்பன்" என்றால் வந்தது மருமகனா, நண்பனா? நண்பன்தான் என்றால் "நேற்று வந்த, மருமகனின் நண்பன்" என்று போட்டே ஆக வேண்டும். அந்த இடத்தில் அது இல்லை. எவ்வளவோ இடங்களில் சும்மா தூவியிருக்கிறார்கள், வேண்டிய இந்த ஒரு இடத்தில் விட்டுவிட்டார்கள்.

அப்புறம் "வந்தானா என்று தெரியவில்லை?" கேட்பது "வந்தானா" மட்டும். வாக்கியம் எதையும் கேட்கவில்லை, தெரியவில்லை என்று சொல்லி முடிக்கிறது. கேள்விக்குறியை நீக்கி முற்றுப்புள்ளி வைத்தேன்.

ஜூன் 8
நாள் முழுக்க ஒற்று. வேலை தேடினான், வேலையைத் தேடினான். ஐ உருபு வெளிப்பட்டால் ஒற்று மிகும், மறைந்திருந்தால் மிகாது. வேறு எதையும் யோசிக்க முடியாத இந்த மாதிரி வேலை இன்றைக்கு நல்லதாகப் போயிற்று.

ஜூன் 10
தூக்கம் வரவில்லை. ஏட்டுச்சுவடிகளை நினைத்துக்கொண்டிருந்தேன். எழுத்தாணி அழுத்தினால் ஓலை கிழியும் என்று பெரும்பாலும் புள்ளியே வைக்கமாட்டார்கள். மெய்யா, உயிர்மெய்யா என்று படிப்பவரே முடிவு செய்துகொள்ள வேண்டும். ரகரமும் காலும் (ா) ஒரே மாதிரி இருக்கும். எகர ஒகரக் குறில் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தும் ஓலையில் குறிலும் நெடிலும் கலந்தே கிடந்தன. நெடிலை வேறுபடுத்திக் காட்ட 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் வரவேண்டியிருந்தது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது உ.வே. சாமிநாதையர் அந்த ஓலைகளோடுதான் மல்லுக்கட்டினார். கேட்பதற்கு அதை எழுதிய திருத்தக்கதேவர் இல்லை.

ஆனால் அவருக்கு யாப்பு சாட்சி சொன்னது. சீர் தட்டினால், எதுகை பிசகினால் அங்கே ஏதோ தவறு என்று தெரியும். உரைநடைக்கு அந்தச் சாட்சி கிடையாது. உரைநடையில் நிறுத்தக்குறிகளை ஆறுமுக நாவலர் அவ்வளவு அக்கறையாகப் பயன்படுத்தியது இதனால்தான் இருக்கும் என்று எனக்குப் படுகிறது. செய்யுளைத் தாங்கிய ஏதோ ஒன்று உரைநடைக்கும் வேண்டியிருக்கிறது.

என் நூலாசிரியர் உயிரோடு இருக்கிறார். அவரிடம் கேட்க முடியவில்லை.

ஜூன் 11
வார்டுக்கு மாற்றிவிட்டார்கள்!

ஜூன் 12
மகளே கூப்பிட்டாள். 168ஆம் பக்கத்தை அவருக்குப் படித்துக் காட்டினாளாம். கண்ணை மூடியபடி கேட்டாராம், இன்னொரு தரம் என்று சைகை செய்தாராம், அப்படியே தூங்கிவிட்டாராம்.

"நீ எப்படிம்மா படிச்சே?"

"இருக்கிற மாதிரிதான் அக்கா."

இருக்கிற மாதிரி வாய்விட்டுப் படிக்கவே முடியாது. எங்கேயாவது மூச்சு விடத்தான் வேண்டும், விட்ட இடத்தில் பொருள் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். எனக்கும் படித்துக் காட்டச் சொன்னேன். "அப்பா" என்று சொல்லிக் கொஞ்சம் நின்று, பிறகு மிச்சத்தைச் சொன்னாள். கட்டிலுக்குப் பக்கத்தில் மகள் குரலில் அது விளியாகத்தானே கேட்டிருக்கும்? இன்னொரு தரம் என்று அவர் கேட்டது அதனாலா, வெறும் அசதியா?

ஜூன் 13
அச்சகத்திலிருந்து போன். பதினொன்றைத் தவிர மீதியை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒரு வரிக்காகவா என்று கேட்டார்கள். ஆமாம், ஒரு வரிக்காக.

ஜூன் 14
மேற்கோள்குறியை "நான்" என்பதற்கு முன்னால் வைத்தால் அப்பா வரவில்லை. "அப்பா" என்பதற்கு முன்னால் வைத்தால் மாமா வரவில்லை. மகனைப் பற்றி அப்பா சொன்னது என்ற பொருள் குறியே இல்லாத வரியில் மட்டும்தான் தங்கும், அதுவும் மற்ற இரண்டோடு சேர்ந்து. ஐயா வேண்டுமென்றேதான் அப்படி விட்டாரா? 40ஆம் பக்கத்தில் மேற்கோள்குறி போட்டிருக்கிறார், 97இலும் போட்டிருக்கிறார். இங்கே போடவில்லை. மறந்துபோகிற ஆள் இல்லை அவர்.

ஆனாலும் நானே ஊகித்துக்கொண்டு அச்சுக்கு விடமாட்டேன்.

ஜூன் 15
நாளை மாலை வரச் சொல்லியிருக்கிறாள், பத்து நிமிஷம் தருவார்களாம். பேச வைக்கக்கூடாது. பெரிய எழுத்தில் மூன்று தாள் அச்செடுத்துவிட்டேன், இரண்டில் குறியோடு, ஒன்றில் குறி இல்லாமல். விரலால் தொட்டுக் காட்டினால் போதும். அவர் கண்ணாடி வீட்டில் இருக்கிறதா, மருத்துவமனையில் இருக்கிறதா என்று காலையில் முதல் வேலையாக மகளிடம் கேட்க வேண்டும்.