ஹெரால்டு எஞ்சின்: பிரித்து, அளந்து, மாட்டி முடித்தோம்

எங்கள் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் எஞ்சின் வேலை முடிந்து வண்டி ஓட்டத்துக்கு வந்துவிட்டது. மேடேறும்போது பின்னால் வந்த நீலப் புகை இப்போது இல்லை. இதே எஞ்சினை வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்று சிலவற்றை எழுதி வைக்கிறேன்.

வண்டி, வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் செய்த நான்கு கதவு மார்க் 3. பிரிட்டனில் டிரையம்ஃப் ஹெரால்டு கடைசிவரை இரண்டு கதவுதான்; நான்கு கதவு நம் ஊர்க் கைவேலை. எஞ்சின் 948 சிசி, நாலு சிலிண்டர், பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டான கிராங்குக்கு, அதைத் தாங்க மூன்றே மெயின் பேரிங். பானெட்டும் மட்கார்டும் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்துவிடும் என்பதால் டயர் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். முதுகுவலிக்காரர்களுக்கு இதைவிடத் தோதான கார் இல்லை.

கூட நின்றவர் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் இருப்பது ஸ்டாண்டர்டு கெசல் கார், அதிலும் இதே எஞ்சின். அதனால் எங்களுக்கு அவர் கெசல் அண்ணன். எந்த சாமான் வாங்கட்டுமா என்று கேட்டாலும், "அளந்தாச்சா கண்ணு?" என்பார்.

எஞ்சினை இறக்கும் முன்பே ஒரு சோதனை செய்தோம். நான் கிளட்சை மிதிக்க, அவர் கிராங்க் புல்லியைப் பார்த்தார். மிதிக்கும்போதெல்லாம் புல்லி முன்னால் நகர்ந்தது. "த்ரஸ்ட் வாஷர் தேஞ்சிருச்சு. ஆயில் சம்ப்ல விழாம இருந்தாச் சரி" என்றார். சம்ப் என்பது எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி.

இந்த எஞ்சினின் பெரிய பலவீனமே இதுதான். பின் மெயின் பேரிங்கின் இரு பக்கமும், மேல்பாதியில், அதாவது பிளாக் எனும் எஞ்சின் உடல் பக்கம் மட்டும், அரைவட்ட வாஷர் ஒவ்வொன்று இருக்கும். கிராங்க் முன்னும் பின்னும் ஓடாமல் பிடிப்பது அவை இரண்டுதான். தேய்ந்து மெலிந்தால் நழுவிக் கீழே விழும். அப்புறம் கிராங்க் பிளாக்கையே அரைக்கும். அந்த பிளாக்கைச் சரிசெய்வது பெரும்பாடு. எங்கள் அதிர்ஷ்டம், வாஷர்கள் இடத்திலேயே இருந்தன. டயல் கேஜில் ஆட்டம் இருபது தௌவுக்கு மேல். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தௌ. இருக்கவேண்டியது நான்கிலிருந்து எட்டு. கொஞ்சம் தடித்த வாஷர் போட்டு அந்த அளவுக்குள் கொண்டுவந்தோம். வாஷரின் காடி வெட்டிய முகம் கிராங்கைப் பார்த்து இருக்கவேண்டும். அண்ணன் இதை மட்டும் என்னிடம் விடாமல் தானே மாட்டினார்.

சிலிண்டர் மேல்பக்கம் அகன்று, வாயருகே விரல் நகம் தட்டும் அளவுக்கு விளிம்பு கட்டியிருந்தது. இருபது தௌ பெரிய பிஸ்டன் செட் கைக்கு வந்த பிறகுதான் பிளாக்கை கோவை கணபதியில் ஒரு பட்டறைக்கு அனுப்பினோம். பிஸ்டனை அளந்து அதற்கேற்ப சிலிண்டரைக் குடைந்து அகலப்படுத்துவதுதான், அதாவது போர் செய்வதுதான், முறை. பிஸ்டன் பிறகு வரட்டும் என்று முதலிலேயே போர் செய்யச் சொல்லும் பட்டறையை நான் நம்பமாட்டேன். கிராங்கைப் பத்து தௌ அரைத்து, அதற்கான பேரிங் போட்டோம்.

சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டில் வேறு சிக்கல். வால்வு உட்காரும் இடம் வெறும் வார்ப்பிரும்பு. அந்தக் காலத்துப் பெட்ரோலில் இருந்த காரீயம் அதைக் காத்துவந்தது; 2000-ல் காரீயப் பெட்ரோல் நாடு முழுக்க நின்றுவிட்டது. ஆகவே புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வுகள் உட்கார, கடின உலோக வளையம் (சீட்) பதிக்கச் சொன்னோம். ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளியே போகும் வரிசையில் 42 முதல் 46 பவுண்டு-அடிக்கு முறுக்கினோம்.

சம்ப்பின் முன்முனையில் ஓர் அலுமினியக் கட்டை வரும். அதன் இரண்டு ஓரத்து இடைவெளியையும் அடைக்க மர ஆப்பு. ஆமாம், எஞ்சினுக்குள் மரம்தான்! கம்பெனியே வைத்த ஏற்பாடு. அடித்து இறக்கி, நீட்டிக்கொண்டிருப்பதைச் சீவிவிட வேண்டும். அந்தக் கட்டையில் போல்டை பலமாக முறுக்கினால் மரை வழுக்கிவிடும்.

டேப்பட் வைக்க, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே இடைவெளி வைக்க, ஒன்பது கணக்கு. எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாவதை வைக்கவேண்டும், ஆறு திறந்தால் மூன்று. கூட்டினால் எப்போதும் ஒன்பது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எல்லாவற்றுக்கும் பத்து தௌ.

முதலில் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றினோம். பிறகு பிளக் மாட்டி சாவியைத் திருப்ப, இருமிக்கொண்டே பிடித்தது. அண்ணன் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்து பிளாக் முழுக்கக் கேட்டுவிட்டு, "டீ சொல்லு" என்றார். அவரிடம் இதற்கு மேல் பாராட்டு எதிர்பார்க்க முடியாது.

சூடாகி ஆறியதும் ஹெட்டை மறுபடி முறுக்கி, டேப்பட்டையும் பார்த்துவிட்டோம். பின்பக்கம் லேசான ஆயில் கசிவு இருக்கிறது. அங்கே ரப்பர் சீல் கிடையாது, திருகுக் காடிதான் எண்ணெயைத் திருப்பி அனுப்புகிறது. அதனால் நான் பொருட்படுத்தவில்லை. முதல் 800 கிலோமீட்டர் விரட்டாமல் ஓட்டிவிட்டு ஆயில் மாற்றவேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தாங்கும் குழாயும் பெட்ரோல் பம்பு டயாஃப்ரமும் வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்து அந்த வேலை.