கண்மதிப்பும் அளவுப்பையும்

குலசேகரம் பக்கத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்த என் சித்தி, பிரசவத்துக்குப் பின் போகும் ரத்தத்தை நனைந்த துணியின் கனத்தை வைத்தே கணித்தவர். அப்படிப்பட்ட கண்மதிப்பு பெரும்பாலும் குறைத்தே காட்டும். கர்நாடகத்தின் பெலகாவியில் இந்திய, அமெரிக்க ஆய்வாளர்கள் கிராமத் துணைச் செவிலியர்களோடு இணைந்து 1,620 தாய்மாரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், இடுப்புக்கடியில் விரித்த பிளாஸ்டிக் பையின் அளவுக்கோடுகள் போன ரத்தத்தை மில்லிலிட்டர் கணக்கில் காட்டின. 500 மில்லிலிட்டரை எட்டிய ரத்தப்போக்கு, ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெற்று மாத்திரை பெற்றவர்களில் 12 சதவீதமாகவும், கருப்பையைச் சுருக்கி ரத்தப்போக்கைக் குறைக்கும் மிசோபுரோஸ்டால் மாத்திரை பெற்றவர்களில் 6.4 சதவீதமாகவும் இருந்தது. மாத்திரையைக் கொடுத்தவர்கள் மருத்துவர்கள் அல்லர், துணைச் செவிலியர்களே என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

படத்தில் அந்தப் பையைப் பார்த்த சித்தி, "இது அன்னைக்கு இருந்திருந்தா பேச்சிப்பாறைக்கு ஜீப்பை முந்தியே வரச்சொல்லியிருப்பேன் மக்களே" என்றார்.