இரண்டு ஒற்றுகளும் ஒரு கேள்விக்குறியும்

நூல்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்து தரும் ஒரு நிறுவனத்தில் நான் பணியாற்றிய ஆண்டுகளில், எங்களுக்குள் ஆறு பேர் மட்டும் கொண்ட ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. கடவுள் நம்பிக்கை இல்லாதவர் என்பதே அதில் சேர்வதற்கான ஒரே தகுதி; மதத்தையும் அரசியலையும் கேலி செய்யும் படங்களைப் பகிர்வதே அதன் ஒரே வேலை. காலையில் கணினி விழித்தெழும் இடைவெளியில் ஒன்று வரும், உணவு இடைவேளையில் இரண்டு வரும், மாலையில் கோப்புகளை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் கணக்கில்லாமல் வரும். நம்பிக்கையாளர்கள் நிறைந்த அலுவலகத்தில் வாய்விட்டுச் சொல்ல முடியாததைச் சொல்ல எங்களுக்கு ஓர் இடம் தேவைப்பட்டது என்று அப்போது காரணம் சொல்லிக்கொண்டோம். அது முழுப் பொய்யும் இல்லை.

வந்த படங்களில் பெரும்பாலானவை சிரித்த கையோடு மறந்துபோனவை. சில மட்டும் மனத்தில் நின்றன. பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே ஒரு தேநீர்க் கெண்டி சூரியனைச் சுற்றிவரும் படம் அவற்றில் ஒன்று. பிரிட்டிஷ் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1952-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது அந்தக் கெண்டி. எந்தத் தொலைநோக்கிக்கும் தென்படாத அளவுக்குச் சிறிய கெண்டி அங்கே இருப்பதாக ஒருவர் சொன்னால், இல்லை என்று மெய்ப்பிக்கும் சுமையைக் கேட்பவர் தலையில் வைக்க முடியாது என்பது அவர் வாதம். 2005-இல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலக் கல்வி வாரியம், உயிர்களை ஓர் அறிவுள்ள படைப்பாளியே வடிவமைத்தார் என்னும் ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ கருத்துக்குப் பள்ளிப் பாடத்தில் இடம் தருவது பற்றி விவாதித்தபோது, பாபி ஹென்டர்சன் என்ற இளைஞர், உலகைப் படைத்தது பறக்கும் ஸ்பகெட்டி பூதமே என்றும், அந்தக் கொள்கைக்கும் வகுப்பில் சமமான நேரம் ஒதுக்க வேண்டும் என்றும் கடிதம் எழுதினார். அந்தப் பூதமும் எங்கள் குழுவுக்கு அடிக்கடி வந்துபோனது. இவ்விரண்டிலும் படத்தை நீக்கிவிட்டாலும் வாதம் மிஞ்சும். மற்றவற்றில் யாரோ ஒருவருடைய உடையும் தாடியும் தொப்பையும்தான் இருந்தன. அவற்றுக்கும் நாங்கள் சிரித்தோம். உண்மையைச் சொன்னால், அவற்றுக்குத்தான் கூடுதலாகச் சிரித்தோம்.

மதப் படங்களுக்கு ஆறு பேரும் சிரித்தோம். அரசியல் படங்களில்தான் சிக்கல் தொடங்கியது. ஒரு தலைவரைக் கருவறைச் சிலையாகவும், அவருடைய தொண்டர்களை உண்டியலைச் சுற்றி நிற்பவர்களாகவும் வரைந்த படத்தை ஒரு நாள் நான் அனுப்பினேன். எங்கள் அறுவரில் வாதத்தில் மிகக் கூர்மையானவர், யார் எதைச் சொன்னாலும் ‘ஆதாரம் எங்கே?’ என்று முதலில் கேட்பவர், அந்தத் தலைவரை மதிப்பவர் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அவரும் சிரிப்பார் என்றுதான் எண்ணினேன். ‘அவரைப் பற்றி இப்படிப் போடுவது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது’ என்று ஒரே வரி எழுதிவிட்டுக் குழுவிலிருந்து அவர் விலகினார். மனம் புண்படுகிறது என்ற முறையீட்டையே கேலி செய்யும் படங்கள் எத்தனையோ அந்தக் குழுவில் வந்திருந்தன. அவற்றில் பாதியை அனுப்பியவர் அவரே. பிரான்சு நாட்டு அரசனைப் பெருந்தீனிக்காரனாக வரைந்ததற்காக கேலிச்சித்திரக்காரர் ஓனொரே தோமியே 1832-இல் ஆறு மாதச் சிறைத்தண்டனை அனுபவித்த கதையை எங்களுக்கு வியந்து வியந்து சொன்னவரும் அவரே. பத்து நாள் கழித்து அவரை மீண்டும் சேர்த்தோம். யாரும் எதையும் பேசவில்லை, ஆனால் அதன்பிறகு அந்த ஒரு தலைவரின் படம் மட்டும் குழுவில் வரவேயில்லை. அந்த விலக்கை நானும் கடைப்பிடித்தேன். இன்று எண்ணிப் பார்த்தால், நட்புக்காகச் செய்தேனா, அச்சத்தால் செய்தேனா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நான் சொல்ல வந்தது வேறொரு படத்தைப் பற்றி. பழங்கால ரோமானியச் சிலைத் தலை ஒன்றுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, கீழே பெரிய எழுத்தில் இப்படி அச்சிட்டிருந்தார்கள்: ‘மதம் மக்களுக்கு உண்மை, அறிஞர்களுக்கு பொய், ஆள்வோருக்கு பயன் – செனெக்கா.’ செனெக்கா முதல் நூற்றாண்டு ரோமத் தத்துவவாதி. மதமும் அரசியலும் ஒரே வரியில் அடிபடுகின்றன. எங்கள் குழுவுக்கென்றே செய்தது போல இருந்தது. ஒரு கையில் அச்சுப்படியை வைத்துக்கொண்டு மறு கையால் அதை அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்தது எங்கள் குழுவுக்கு அல்ல, மெய்ப்புத் திருத்தும் பிரிவின் குழுவுக்கு. இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்து நீக்கினேன், ஆனால் ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்ற வரி அங்கே நின்றுகொண்டு என்னைக் காட்டிக்கொடுத்தது.

அந்தப் பிரிவின் மூத்தவர் நாள் தவறாமல் வழிபாட்டை முடித்துவிட்டே பணிக்கு வருபவர். மறுநாள் காலை என் மேசையில் வழக்கமான மெய்ப்புகளுக்கு மேலே ஒரு தாள் இருந்தது. நான் நீக்குவதற்குள் அந்தப் படத்தைச் சேமித்து, அச்சிட்டு, எல்லா மெய்ப்புகளையும் திருத்துவது போலவே சிவப்பு மையால் திருத்தியிருந்தார். ‘அறிஞர்களுக்கு’, ‘ஆள்வோருக்கு’ ஆகிய இரண்டு சொற்களையும் அடுத்து இடைச்செருகல் குறியிட்டு ஓரத்தில் ‘ப்’ என்று எழுதியிருந்தார். செனெக்கா என்ற பெயரைச் சுற்றி ஒரு வட்டம். அதற்கு நேராக, நூலாசிரியர்களின் மேற்கோள்களுக்கு அவர் வழக்கமாக இடும் அதே குறிப்பு: ‘ஆதாரம்?’ வேறு எதுவும் இல்லை.

அவரிடம் போனேன். “சார், மன்னிக்கணும். தவறுதலா அந்தக் குழுவுக்குப் போயிடுச்சு” என்றேன். கண்ணாடியைக் கழற்றாமலே நிமிர்ந்து பார்த்தார். “போனது போகட்டும் தம்பி. நாலாம் வேற்றுமைக்குப் பின்னாடி வல்லினம் மிகும்னு உங்களுக்கு எத்தனை தடவை சொல்றது?” என்றார். அவர் மனம் புண்பட்டதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை.

ஆதாரம் தேடுவதற்கு அன்று மாலை முழுவதும் போயிற்று. அந்த வரி செனெக்காவின் நூல்களில் கிடைக்கவில்லை. அதற்கு மிக நெருக்கமான வாக்கியம் ரோமப் பேரரசின் வீழ்ச்சியைப் பற்றி எட்வர்ட் கிப்பன் எழுதிய வரலாற்றின் முதல் தொகுதியில், 1776-இல், இருக்கிறது. செனெக்கா இறந்து ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்குப் பிறகு எழுதியது. அதிலும் கிப்பன் சொல்வது வேறு. ரோம உலகில் நிலவிய பல்வேறு வழிபாட்டு முறைகளை மக்கள் ஒரே அளவில் உண்மையென்றும், தத்துவவாதிகள் ஒரே அளவில் பொய்யென்றும், ஆட்சியாளர்கள் ஒரே அளவில் பயனுள்ளவை என்றும் கருதினார்கள் என்று எழுதிவிட்டு, அந்தச் சகிப்பினால் மதங்களுக்கிடையே இணக்கமே உண்டாயிற்று என்று அடுத்த வாக்கியத்தில் தொடர்கிறார். படம் செய்தவர் ‘ஒரே அளவில்’ என்பதை வெட்டியிருக்கிறார்; மதங்கள் இணங்கி வாழ்ந்ததைப் பற்றிய வாக்கியம் ஒரு குத்தலாக மாறிவிட்டது.

முகமும் செனெக்காவுடையது இல்லை. கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே இருந்த ஒட்டிய கன்னமும் கலைந்த முடியும், 1754-இல் இத்தாலியின் பழைய நகரமான ஹெர்குலேனியத்தில் கிடைத்த வெண்கலத் தலைக்கு உரியவை. இந்த வகைத் தலைகளை நெடுங்காலம் செனெக்கா என்றே நம்பிவந்தார்கள். 1813-இல் ரோமில் பெயர் பொறித்த இரட்டைத் தலைச் சிலை ஒன்று கிடைத்தது. ஒரு பக்கம் சாக்ரடீஸ். மறு பக்கம் இருந்த செனெக்காவோ வழுக்கைத் தலையும் சதைப்பற்றான கன்னமும் உடைய மனிதர். சொல் ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது, முகம் மூன்றாமவருடையது. ஆதாரம் இல்லாமல் எதையும் ஏற்கமாட்டோம் என்பதையே அடையாளமாகக் கொண்ட ஆறு பேரில் ஒருவனாகிய நான், அதைப் பார்த்து அனுப்ப எடுத்துக்கொண்ட நேரம் ஐந்து நொடிகூட இராது. எங்கள் பக்கம் நின்று பேசிய வரி என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

தேடும் வழியில் இன்னொரு படமும் கண்ணில் பட்டது. ரோமின் பாலடைன் குன்றில் 1857-இல் கண்டெடுத்த சுவர்க் கீறல் அது, ஏறத்தாழ கி.பி. 200-ஐச் சேர்ந்தது என்பார்கள். சிலுவையில் அறையப்பட்ட மனித உடலுக்குக் கழுதைத் தலை. அதன் முன்னே கையை உயர்த்தி நிற்கும் ஓர் இளைஞன். கீழே கிரேக்கத்தில் ‘அலெக்சாமெனோஸ் கடவுளை வணங்குகிறான்’. அரண்மனைப் பணியாளர்கள் பயிற்சி பெற்ற கட்டடமாகக் கருதப்படும் இடத்தில் அது கிடைத்ததால், உடன் பணிபுரிந்த யாரோ ஒருவர் கீறியதாக இருக்க வேண்டும். பணியிடத்தில் மத நம்பிக்கையைக் கேலி செய்து படம் போட்டவர் என்ற வகையில் எங்களுக்கு அவர் மூதாதை. ஆனால் அன்றைய ரோமில் நாத்திகர் என்று ஏசப்பட்டவர்கள் அலெக்சாமெனோஸின் கூட்டத்தார்தாம். நகரத்தின் தெய்வங்களை வணங்க மறுத்ததால் கிறித்தவர்களுக்கு அந்தப் பெயர் வந்தது. அதைப் படித்தபின், அந்தச் சுவரின் எந்தப் பக்கத்தில் எனக்கு இடம் என்று உடனே சொல்ல முடியவில்லை. பக்கத்து அறையில் ‘அலெக்சாமெனோஸ் விசுவாசி’ என்று இலத்தீனில் இன்னொரு கீறல் இருக்கிறது. அவனே எழுதிய பதில் என்று சிலர் கருதுகிறார்கள். கேலி செய்தவர் ‘வணங்குகிறான்’ என்ற கிரேக்க வினைச்சொல்லைப் பிழையாக எழுதியிருக்கிறார் என்பதை அறிந்தபோது, எங்கள் மூத்தவரை அங்கே சிவப்புப் பேனாவுடன் நிறுத்திப் பார்த்துச் சிரித்தேன்.

படத்தைத் திருத்தினேன். கிப்பன் பெயரும் ஆண்டும் சேர்த்து, ‘ஒரே அளவில்’ என்பதைத் திரும்பக் கொண்டுவந்து, இரண்டு ‘ப்’களையும் போட்டு எங்கள் குழுவுக்கு அனுப்பினேன். வரி நீண்டுவிட்டதால் எழுத்து சிறுத்துவிட்டது. ஒருவர் கட்டைவிரல் காட்டினார், அவ்வளவுதான். ‘முன்னால் போட்டதே நன்றாக இருந்தது’ என்று இன்னொருவர் எழுதினார். அவர் சொன்னது தவறும் இல்லை. முன்னது சிரிக்க வைத்தது.

நான்கு மாதம் கழித்து, குடும்ப உறவினர்கள் இருக்கும் ஒரு குழுவில் அந்த முதல் படம் எனக்கே திரும்பி வந்தது. மேலே இரட்டை அம்புக்குறி இருந்தது. குறைந்தது ஐந்து கைகளாவது மாறி வந்தது என்று அதற்குப் பொருள். இடையில் சிலர் அதைச் சுருக்கிச் சேமித்து மீண்டும் அனுப்பியதில், எழுத்துகளின் விளிம்பில் கொசு மொய்ப்பது போலச் சாம்பல் புள்ளிகள் அடைந்திருந்தன. வழியில் யாரோ செனெக்காவின் பெயரை நீக்கிவிட்டு பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேரின் பெயரைப் போட்டிருந்தார்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு ‘ப்’களும் அப்போதும் இல்லை.