வாசலோடு நின்ற உரிமையாளர்கள்

2020 ஏப்ரல் 7ஆம் தேதி சிங்கப்பூரில் கொவிட்-19 கிருமிப்பரவல் முறியடிப்பு நடவடிக்கை என்ற ஊரடங்கு தொடங்கியபோது, நான் உதவியாளராக இருந்த விலங்கு மருந்தகம் திறந்தே இருந்தது. கருத்தடை, பல் சுத்தம் போன்றவற்றைத் தள்ளிவைத்துவிட்டு, காத்திருக்க முடியாத நோய்களுக்கு மட்டும் நேரம் ஒதுக்கினோம்.

உரிமையாளர்கள் உள்ளே வருவதற்கு அனுமதியில்லை. அவர்கள் பூனைக்கூடையை வாசல் மேசையில் வைத்துவிட்டு விலகி நின்ற பிறகு, முகக்கவசமும் கையுறையும் அணிந்த நான் கைப்பிடியைத் துடைத்து உள்ளே எடுத்துச்செல்வேன். நாய் என்றால், எங்கள் வாரை அதன் கழுத்தில் மாட்டிய பின்னரே உரிமையாளர் தம்முடையதைக் கழற்ற வேண்டும். வரிசை மாறினால், மிரண்ட நாய் சாலைக்கு ஓடிவிடக்கூடும். கருணைக்கொலைக்கு மட்டும் ஒருவரை உள்ளே அனுமதித்தோம். அந்த விதிவிலக்கு சரியானதே என்று இன்றும் நினைக்கிறேன்.

அந்த ஆண்டு பிப்ரவரி இறுதியில் ஹாங்காங்கில் ஒரு பொமரேனியன் நாயின் மாதிரியில் கிருமி தென்பட்ட செய்தி வந்ததும், தொலைபேசி ஓயவில்லை. செல்லப்பிராணிகளிடமிருந்து மனிதர்களுக்குப் பரவுவதற்கு அப்போது ஆதாரம் இல்லை. ஆயினும் அச்சத்தில் சிலர், நடை முடிந்து வந்த நாயின் பாதங்களைக் கைக்கிருமிநாசினியால் துடைத்தார்கள். சிவந்து வெடித்த பாதங்களோடு வந்த நாய்கள், அந்த மதுசாரத்தை நக்கி விழுங்கவும் செய்திருந்தன. மிதமான சோப்பும் தண்ணீரும் போதும் என்பதைச் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்தது. என் அனுபவத்தில், கிருமியைவிட அச்சமே விலங்குகளை அதிகம் படுத்தியது.

உரிமையாளரை வெளியே நிறுத்தியதில் எங்களுக்கு ஓர் இழப்பும் இருந்தது. நேரில் பார்த்துப் பேசும்போது தானாகத் தெரியவருவதைத் தொலைபேசியில் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. பூனைக்கு மலச்சிக்கல், எண்ணெய் ஏதாவது கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். “அது ஒண்ணுக்குப் போற மணல்ல ஈரம் இருக்கா, ஆண்ட்டி?” என்றேன். “காலையிலேர்ந்து குந்திக் குந்திப் பாக்குது தம்பி, ஒரு சொட்டு வரல.” ஆண் பூனை என்றதும் உடனே கொண்டுவரச் சொன்னேன்; சிறுநீர்ப்பாதை அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும்.

இதைவிடக் கடினமானது வேறொரு கேள்வி: உங்களைத் தனிமைப்படுத்தினால் பிராணியை யார் பார்த்துக்கொள்வார்கள்? வீவக எனப்படும் அரசு அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்க 2024 செப்டம்பர் 1 வரை அனுமதி இல்லாததால், அக்கம்பக்கத்தாரிடம்கூடப் பூனையைப் பற்றி வாய்திறக்காதவர்கள் பலர். அதிகாரிகளிடம் சொல்லப்போகிறோமோ என்று எங்களையும் சந்தேகித்தார்கள். ஆகவே வீட்டைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு, மாற்றுச்சாவி யாரிடம் இருக்கிறது, அவருடைய தொலைபேசி எண் என்ன, இரண்டு வாரத்திற்கு உணவும் மருந்தும் கையிருப்பில் உள்ளனவா என்று மட்டும் கேட்டோம். பதில்கள் அப்போதுதான் வரத் தொடங்கின.