நுளம்பு வலைக்குள் மார்ச்

2017 மார்ச் 6, திங்கள்
இன்றும் வார்ட்டுக்கு டெங்குக்காரர் கிண்ணியாவிலிருந்துதான் கூடுதலாக வருகிறார்கள். ஒரு கட்டிலில் இருவர், கீழே பாயில் ஒருவர். வலை போதவில்லை.

மார்ச் 7
இடமாற்றப் படிவம் லாச்சிக்குள் கிடக்கிறது. கையெழுத்து வைக்கவில்லை.

மார்ச் 9, வியாழன்
காய்ச்சல் விட்டுவிட்டது, வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டுங்கள் என்று நிற்கிறார்கள். எங்களுக்குப் பயமே அப்போதுதான். காய்ச்சல் இறங்கும்போது இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கும். அந்த 24, 48 மணித்தியாலமும் மணிக்கு மணி நாடி, பிரஷர், சிறுநீர். பிரஷரின் மேல் எண்ணும் கீழ் எண்ணும் 20க்குள் நெருங்கினால் டொக்டரைத் தேடி ஓட வேண்டும். சேலைன் குறைந்தாலும் ஆபத்து, கூடினால் நெஞ்சுக்குள் நீர். பதினோராம் கட்டில் பெடியனின் உம்மா சிறுநீர்ப் போத்தலை ஒளித்து வைத்திருந்தார். வெட்கமாம். "இதையுமா மிஸ் அளப்பீங்க?" டெங்குவைக் கொல்ல மருந்து கிடையாது. விடாமல் பார்ப்பதுதான் வைத்தியம். விடிய விடியப் பார்ப்பது யார்?

மார்ச் 10
எங்கோ கூட்டத்தில் தாதிமார் தெய்வங்கள் என்று பேசினார்களாம். தெய்வத்துக்கு ஓவர்டைம் பாக்கி இருக்காது போல.

மார்ச் 12, போயா
எங்களில் ஒருத்திக்கே காய்ச்சல். இரத்தத்தில் பிளேட்லட் 62,000க்கு இறங்கிவிட்டது. வலைக்குள் படுத்துக்கொண்டு, பக்கத்துக் கட்டிலில் சேலைன் முடியப்போகிறது என்று கத்துகிறாள். பேசாமல் படு என்று ஏசினேன். அம்மா மட்டக்களப்பிலிருந்து எடுத்தார். "உன்ர உயிரையும் பார் பிள்ளை." இவளைப் பற்றி அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

மார்ச் 13
ஏன் இன்னும் நிற்கிறேன்? சேவை மனப்பான்மை என்று நேர்முகத்தில் எல்லாரும்தான் சொன்னோம். நைட் முடிகிற நேரத்துக்கு உப்புவெளிக்காரி வந்துவிடுகிறாள், பஸ் இல்லாவிட்டாலும். நான் வராவிட்டால் அவள்தான் இன்னொரு நைட் நிற்பாள். எங்களில் பிள்ளைத்தாய்ச்சியாக இருப்பவளை, அவள் கேட்காமலே, வார்ட்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் இந்த வார்ட்டிலிருந்து மாற்றிவிட்டார். முன்பிருந்த இடத்தில் நோய் குறைவு, ஆனால் ரோஸ்டரில் பட்சபாதம். அங்கேதான் படிவமே வாங்கினேன்.

மார்ச் 15
பதினொன்று சோறு கேட்டானாம்! உம்மா இப்போது போத்தலைத் தானே கொண்டுவந்து நீட்டுகிறார், எவ்வளவு என்றும் கேட்கிறார்.

மார்ச் 16
வலைக்குள் இருப்பவளுக்கு பிளேட்லட் இன்னும் இறங்கியிருக்கிறது. சாப்பிடவில்லை.

மார்ச் 17, வெள்ளி
படிவத்தைப் பற்றிச் சிஸ்டருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். ஏப்ரல் ரோஸ்டர் போட முன் முடிவைச் சொல்லட்டாம். சித்திரைக்கு ஊருக்குப் போக லீவு வேண்டும் என்று மட்டும் சொன்னேன். ஐந்தாம் கட்டிலின் பிரஷர் எழுதியாயிற்றா என்று கேட்டார்.