கிரின்யார்ட்: தொடங்கும்வரை ஊற்றாதீர்கள்

புரோமோபென்சீனை மக்னீசியத்தோடு வினைபுரியவைத்துக் கிரின்யார்ட் கரைசலாக்கி (ஃபீனைல்மக்னீசியம் புரோமைடு), அதோடு பென்சோபீனோனைச் சேர்த்து ட்ரைஃபீனைல்மெத்தனால் செய்வது பாடப்புத்தகத்தில் இரண்டே வரி. கெடுவதெல்லாம் முதல் பத்து நிமிடத்தில்தான்.

மக்னீசியம் துருவல் 1.34 கிராம் (55 மில்லிமோல்), புரோமோபென்சீன் 5.3 மி.லி. (50 மில்லிமோல்), உலர்ந்த டி.எச்.எஃப். (டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற கரைப்பான்) 50 மி.லி. கண்ணாடிச் சாமான்களை 120 டிகிரி ஓவனில் இரவு முழுக்க வைத்து, சூட்டோடு பூட்டி, நைட்ரஜன் ஓடும்போதே ஆறவிடுங்கள். டி.எச்.எஃப்.ஐ உலர்த்த 3 ஆங்ஸ்ட்ராம் மூலக்கூறு சல்லடை போதும். ஆனால் அதை முதலில் வெற்றிடத்தில் 250–300 டிகிரியில் சுட்டிருக்க வேண்டும். டப்பாவிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டால் பயனில்லை.

துருவலோடு 10 மி.லி. டி.எச்.எஃப்., ஒரு துணுக்கு அயோடின். மீதி டி.எச்.எஃப்.இல் புரோமோபென்சீனைக் கரைத்து, அதில் பத்தில் ஒரு பங்கை மட்டும் விடுங்கள். பழுப்பு நிறம் மறைந்ததுமே தொடங்கிவிட்டது என்று நம்பிவிடாதீர்கள்: அயோடினே மக்னீசியத்தோடு வினைபுரிந்து நிறமிழக்கும். கரைசல் கலங்க வேண்டும், துருவலைச் சுற்றிக் குமிழி வர வேண்டும், சூடு நிறுத்திய பிறகும் தானாகக் கொதிக்க வேண்டும். வரவில்லையா? லேசாகச் சூடுகாட்டுங்கள், அல்லது 1,2-டைபுரோமோஈத்தேன் இரண்டு மூன்று சொட்டு. “இன்னும் கொஞ்சம் ஊற்றிப் பார்ப்போம்” என்பதுதான் ஆபத்து. சேர்ந்துகிடக்கும் புரோமோபென்சீன் முழுதும் ஒரே நேரத்தில் வினைபுரிந்தால், 66 டிகிரியில் கொதிக்கும் டி.எச்.எஃப். கண்டென்சர் வழியே வெளியே பாயும். பனிக்கட்டித் தொட்டி பக்கத்திலேயே இருக்கட்டும், அடியில் வேண்டாம்.

மீதியை 40 நிமிடத்தில் சொட்டுச் சொட்டாக. அவசரப்பட்டால் பைஃபீனைல் என்ற வேண்டாத பக்கவிளைபொருள் கூடும். பிறகு ஒரு மணி நேரம் கலக்கி, டைட்ரேட் செய்யுங்கள், அதாவது கரைசலில் கிரின்யார்ட் எவ்வளவு இருக்கிறது என்று அளந்துபாருங்கள். பலர் இதைத் தவிர்ப்பார்கள். எனக்கு அது புரிவதே இல்லை. லித்தியம் குளோரைடு கலந்த டி.எச்.எஃப்.இல் 127 மி.கி. அயோடின் (0.5 மில்லிமோல்), பழுப்பு மறையும்வரை கிரின்யார்ட். 0.6 மி.லி. பிடித்தால் 0.83 மோலார், மொத்தம் சுமார் 46 மில்லிமோல். பென்சோபீனோனை இதன் பிறகே நிறுங்கள்: 7.3 கிராம் (40 மில்லிமோல்). 20 மி.லி. டி.எச்.எஃப்.இல் கரைத்து, பூஜ்ய டிகிரியில் சேர்த்து, அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரம்.

மிஞ்சிய மக்னீசியத்தைக் கண்ணாடிப் பஞ்சில் வடித்து நீக்கிவிட்டு, குளிர வைத்துக்கொண்டே பூரித அம்மோனியம் குளோரைடுக் கரைசலை மெதுவாக விடுங்கள். வெறும் தண்ணீர் விட்டால் மக்னீசியம் ஹைட்ராக்சைடு வெண்கூழாகி, அடுக்குகள் பிரியாமல் உயிரை வாங்கும். எத்தில் அசிடேட்டில் பிரித்தெடுத்து, உப்புக் கரைசலால் கழுவி, சோடியம் சல்ஃபேட்டில் உலர்த்தி, வடித்து, கரைப்பானை ஆவியாக்கி நீக்குங்கள். வரும் திண்மத்தைக் குளிர்ந்த பெட்ரோலியம் ஈதரில் கலக்கி வடித்தால் பைஃபீனைல் கரைந்து போய்விடும். உருகுநிலை 160–163 டிகிரிக்குக் கீழே இறங்கி, அகன்ற வீச்சில் வந்தால், ஐசோபுரோப்பனாலில் மறுபடிகமாக்குங்கள்.